பேய் நடைப்பயணங்களில் நம்மவர்கள் ஏன் வருவதில்லை?

சுண்ணாம்புக்கம்பம்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இரவு நேரப் பேய் நடைப்பயணங்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. ஆவிகள் உலவுவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதம் நெருங்கினால் இன்னும் அதிகம். அங்கே சொல்லப்படும் கதைகள் நம் எல்லாருக்கும் தெரிந்தவைதாம்: வாழைமரத்துப் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய், பீஷான் ரயிலில் ஏறும் தலையில்லாத பயணிகள், சாங்கி பழைய மருத்துவமனையில் கேட்கும் அலறல், ஃபோர்ட் கேனிங் மலையில் உலவும் வெள்ளைக்காரச் சிப்பாய். இவற்றைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஒரே கேள்வி என் மனத்தை அரிக்கிறது. இந்த ஊருக்குக் கைதிகளாக வந்து இறங்கி, காட்டை வெட்டிச் சாலை போட்டு, இங்கேயே கண்ணை மூடிய இந்தியர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட ஏன் எந்தக் கதையிலும் ஆவியாக வருவதில்லை?

எங்கள் வட்டாரத்து இளையர்கள் சிலர் தமிழிலேயே ஓர் இரவு நடை வேண்டும் என்று கேட்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் தொடங்கி, ஃபோர்ட் கேனிங் மலை ஏறி இறங்கி, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வழியாக ஊட்ரம் வரை போகலாம் என்று நினைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குச் சிலிர்க்கவும் வேண்டும், சொல்வது உண்மையாகவும் இருக்கவேண்டும். இட்டுக்கட்டிய கதை வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பீஷான்வாசி:

அக்கா, நல்ல முயற்சி. ஆனால் பேய்க்கதைகளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். பீஷானில் 1870 முதல் கான்டனீஸ், ஹக்கா மக்களின் பெரிய இடுகாடு இருந்தது. அதைச் சுற்றி ஒரு கம்பமே (கிராமமே) இருந்தது. பிறகு நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் எழுந்தன, 1987-இல் ரயில் வந்தது. இன்று இங்கே வளரும் பிள்ளையிடம் கேட்டால் இந்த வரலாறு எதுவும் பாடமாகத் தெரிந்திருக்காது. ஆனால் 'கடைசி ரயிலில் ஏறாதே, இது முன்பு சுடுகாடு' என்பது மட்டும் தெரிந்திருக்கும். இடுகாடு இருந்த நினைவைக் காப்பாற்றியது அந்தத் தலையில்லாத பயணிதான். பேய் இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

உட்லீ நிலையமும் அப்படித்தான். வடகிழக்குப் பாதை 2003-இல் ஓடத் தொடங்கியும் அந்த நிலையம் 2011 வரை திறக்கப்படவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருப்பு குறைவு என்பதே காரணம். மக்கள் சொன்ன காரணம் வேறு. பக்கத்தில் பிடாடரி இடுகாடு இருந்ததல்லவா?

சுண்ணாம்புக்கம்பம்:

தம்பி, நீங்கள் பிடாடரியைச் சொன்னதும் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1972-இல் மூடப்பட்ட அந்த இடுகாட்டில் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மட்டுமின்றி இந்துக்களும் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2001 முதல் 2006 வரை எல்லாரையும் தோண்டி எடுத்தார்கள். அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் ஆவிகளில் இந்துப் பகுதியிலிருந்து வந்த ஒன்றையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

பாலஸ்டியர்_பெரியவர்:

அம்மா, நீங்கள் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்குவது மிகவும் பொருத்தம். உங்கள் கேள்விக்கு ஒரு பதில் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் நம்மவர்கள் பேயாக வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஊர் அவர்களைக் கண்டு நடுங்கியது.

கதை இதுதான். இப்போதுள்ள தேவாலயத்திற்கு முன் அதே இடத்தில் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வேறொரு தேவாலயம் இருந்தது. 1842-இல் அதற்குக் கோபுரம் வைத்தார்கள். 1845-இல் ஒரு முறை, 1849-இல் ஒரு முறை என இரண்டு தடவை இடி விழுந்தது. கட்டடம் ஆபத்தானது என்று 1852-இல் மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் திடீரென்று தங்கள் கோயிலுக்கே போகாமல் நின்றுவிட்டதைப் பார்த்த ஊர் என்ன நினைக்கும்? உள்ளே கெட்ட ஆவி புகுந்துவிட்டது, அதனால்தான் ஆளுநரே வருவதில்லை என்று பேச்சுக் கிளம்பியது. அந்த ஆவியைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டுமாம். தலை கொய்ய இரவில் ஆள் அனுப்புகிறார்களாம். யாரை? இந்தியக் கைதிகளைத்தான். சீனக் குடியிருப்புகளில் இருட்டிய பிறகு வெளியே வரவே பயந்தார்கள். வதந்தியை மறுத்து அரசாங்கமே அறிவிப்புச் செய்யவேண்டி வந்தது.

என் பாட்டி காலத்திலும் பாலம் கட்டுகிறார்கள் என்றால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பார்கள். தூண் நிற்கத் தலை வேண்டும் என்ற பயம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரிடமும் அது இருந்தது. ஆனால் 1850-களில் அந்தப் பயத்திற்கு ஒரு முகம் இருந்தது. அது நம் முகம்.

பழைய கட்டடத்தை 1855-இல் இடித்தார்கள். 1856 மார்ச்சில் புதியதற்கு அடிக்கல் நாட்டி, 1862 ஜனவரியில் அருள்பொழிவு செய்தார்கள். வரைந்தவர் மெக்ஃபர்சன் என்ற அதிகாரி. கட்டியவர்கள் யார் என்றால், தலை வெட்டுகிறார்கள் என்று ஊர் பயந்த அதே கைதிகள். நடையில் வருபவர்களிடம் இதை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். பொந்தியானாக் தேவைப்படாது.

கிட்டங்கித்தெரு:

ஐயா சொன்னதோடு அந்தச் சுவரைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கட்டடப் பராமரிப்புத் துறையில் இருப்பவன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உள்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பசையாகும்வரை அடிப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரை அதில் விட்டுக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தேய்க்கத் தேய்க்கத்தான் மினுமினுப்பு ஏறும். செட்டிநாட்டு வீடுகளில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும்.

ஒரு சுவரை இப்படி முடிக்க எத்தனை பேருடைய உள்ளங்கை தேய்ந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திலும், இன்று அதிபரின் இஸ்தானாவாக இருக்கும் ஆளுநர் மாளிகையிலும் அதே கைதிகளின் உழைப்பு இருக்கிறது. நம் மாரியம்மன் கோயிலின் பழைய கட்டுமானத்திலும் இருக்கிறது. ஆளுநருக்கு வீடும் ஆத்தாளுக்குக் கோயிலும் கிறிஸ்துவுக்கு ஆலயமும் கட்டிவிட்டுப் பிராஸ் பாசா சிறைக்குத் தூங்கப் போனவர்கள் அவர்கள்.

ரங்கூன்சாலை:

மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை இரவில் கூட்டிக்கொண்டு போய் 'நம் முன்னோர் கைதிகள், ஊரே அவர்களைப் பார்த்துப் பயந்தது' என்று சொல்லித்தான் ஆகவேண்டுமா? நாராயண பிள்ளை இருக்கிறார். 1819-இல் வந்தவர், செங்கல் சூளை வைத்தவர், 1827-இல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியவர். அவரைச் சொல்லுங்கள். வணிகர்களைச் சொல்லுங்கள், ஆசிரியர்களைச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் ஏற்கெனவே கேட்கும் ஏச்சுகள் போதாதா?

பாலஸ்டியர்_பெரியவர்:

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. நாராயண பிள்ளையைக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆனால் அவரைச் சொல்வதற்காக இவர்களை மறைக்கவேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த ஒப்பந்தப்படி, சுமத்ராவில் ஆங்கிலேயர் வசமிருந்த பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த கைதிகள் 1825 ஏப்ரலில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்து இறங்கியவர்கள் மதராஸ் மாகாணத்தவர். வங்காளத்தவர் பின்னால் வந்தார்கள். கொலை செய்தவனும் இருந்தான், பஞ்ச காலத்தில் திருடியவனும் இருந்தான். சிலருக்கு நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். அந்த நெற்றியோடு இந்தத் தெருக்களில் நடந்து, கல் உடைத்து, தச்சு வேலை கற்று, ஊரை நடுங்க வைத்த புலிகளை வேட்டையாடவும் போனார்கள். அவர்களைக் காவல் காத்ததும் பெரும்பாலும் அவர்களில் நன்னடத்தை பெற்றவர்களே.

1873-இல் இங்கே கைதிமுறை முடிந்தது. தண்டனை மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கி, மணம் முடித்து, ஊரோடு கலந்துவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம். நம் வீட்டிலேயே இருக்கலாம். இதில் தலை குனிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊட்ரம்_நினைவுகள்:

நடை ஊட்ரமில் முடிவதால் 1915-ஐத் தவிர்க்கமுடியாது. அந்த ஆண்டு பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நேரம். அலெக்சாண்டிரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படைச் சிப்பாய்கள் கலகத்தில் இறங்கினார்கள். ஹாங்காங்குக்குக் கப்பலேறச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் துருக்கிக்கு எதிராகப் போரிடத்தான் அனுப்புகிறார்கள் என்ற பேச்சு முகாமுக்குள் பரவியிருந்தது. முஸ்லிம் சிப்பாய்களால் அதை ஏற்கமுடியவில்லை. கலகம் அடங்கிய பிறகு 47 சிப்பாய்களுக்கு மரண தண்டனை. ஊட்ரம் சிறையின் வெளிச்சுவரில் நிற்கவைத்து, பொதுமக்கள் பார்க்கச் சுட்டார்கள். மார்ச் 25 அன்று மட்டும் இருபதுக்கு மேற்பட்டவர்கள். பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம்.

அந்தச் சிறை இன்று இல்லை. சுவரும் இல்லை. கலகத்தில் இறந்த வெள்ளைக்காரர்களுக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸில் நினைவுக்கல் இருக்கிறது. சுடப்பட்ட 47 பேருக்கு எதுவும் இல்லை. உங்கள் நடை தொடங்கும் இடத்திலேயே கல், முடியும் இடத்தில் வெற்றுப் புல்தரை. வழியை நீங்கள் அறிந்தே இப்படி அமைத்தீர்களா என்று தெரியவில்லை, ஆனால் மிகச் சரியாக அமைந்திருக்கிறது.

ரங்கூன்சாலை:

அவர்கள் தமிழர்கள் இல்லையே. வட இந்திய ராங்கர் முஸ்லிம்களும் பட்டாணியரும்தாம். நம் நடையில் அது எதற்கு?

ஊட்ரம்_நினைவுகள்:

உண்மைதான், அவர்கள் தமிழர்கள் இல்லை. ஆனால் கலகத்திற்குப் பிறகு சிங்கப்பூரில் இருந்த இந்தியர் அனைவரும் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று உத்தரவு வந்தது. சிப்பாய் வேறு, சலவைத் தொழிலாளி வேறு, செட்டியார் கடைக் கணக்கர் வேறு என்று அந்த உத்தரவு பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் அது நம் கதையும்தான்.

ஓவன்சாலை:

உங்கள் வழியில் வராது, ஆனாலும் கேட்கிறேன். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் 1986 மார்ச் 15 அன்று நியூ வொர்ல்டு ஹோட்டல் இடிந்து விழுந்ததை அடுத்த நடையில் சேர்க்கலாமா? ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் மண்ணோடு மண்ணானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் ஓடிவந்து இடிபாட்டுக்குள் குடைந்து போனார்கள். விசாரணையில் தெரிந்ததுதான் எனக்குப் பேய்க்கதையைவிடப் பயங்கரமாகப் படுகிறது. கட்டடத்தை வரைந்தபோது அதன் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லையாம். பதினைந்து ஆண்டுகளாக அது தன் பாரத்தைத் தாங்கமுடியாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஆட்கள் அதற்குள் தூங்கி எழுந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கம்பம்:

நடந்ததைச் சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் நின்று ஆவிக்கதை சொல்ல நான் ஒப்பமாட்டேன். அன்று அண்ணனையோ தாயையோ பறிகொடுத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த நடைபாதையில் போகும்போது காதில் விழக்கூடாத எதையும் நாம் சொல்லக்கூடாது. எனக்கு இருக்கும் ஒரே எல்லைக்கோடு அதுதான்.

பீஷான்வாசி:

அப்படியென்றால் ஜப்பானியர் காலத்துக் கதைகளும் கூடாதா? ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த சுக் சிங் படுகொலையில் தந்தையை இழந்தவர்களும் முதிய வயதில் இருக்கிறார்கள். 1943 அக்டோபர் 10-க்குப் பிறகு கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய இராணுவக் காவல்படை ஆட்களைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்த இடத்தில் இன்று வேறு கட்டடம் நிற்கிறது, உள்ளே பயணிகள் தங்குகிறார்கள். எல்லா நடைப்பயணங்களிலும் அந்த வாசலில் நின்று கதை சொல்கிறார்கள்.

சுண்ணாம்புக்கம்பம்:

வாசலில் நிற்கலாம் தம்பி, நடந்ததைச் சொல்லலாம். எலிசபெத் சோய் என்ற பெண்மணி அங்கே ஏறத்தாழ 200 நாள் அடைபட்டிருந்தார். கணவரின் கண்ணெதிரில் அவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். கடைசிவரை பொய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. உயிர்பிழைத்து வந்து அதை அவரே சாட்சியாகவும் சொன்னார். இதற்குமேல் ஒரு முனகல் சத்தத்தை நாம் சேர்க்க என்ன இருக்கிறது?

ஈசூன்_பேத்தி:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கேள்விக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

என் பாட்டியின் அண்ணனை ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ஜப்பானியர் கொண்டு போனார்கள். மரண ரயில் பாதை போடத்தான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அவர் திரும்பவில்லை. காலராவா, மலேரியாவா, பசியா, எந்த முகாம், எந்த மாதம், எதுவும் தெரியாது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. எங்கள் பெரிய தாத்தா போன்றவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு செத்தார்கள். பெயர் எழுதிய கல் கிடையாது.

இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. அதனால் பாட்டி தீபாவளிக்கு முந்தைய நாள் படையலில் அவருக்கென்று தனி இலை போடுவார். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு, மடித்த வேட்டி. அந்த இலைக்காக வாசற்கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார். அவர் இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. உயிரோடிருந்து வந்தாலும் வாசல் மூடியிருக்கக்கூடாது என்பார்.

நம்மவர்கள் பேயாக வருவதில்லை என்று நான் நினைக்கவில்லை. அவர்களை நாம் வீட்டுக்குள் இலை போட்டு உட்கார வைத்துவிட்டோம். தெருவில் நிறுத்தி அந்நியர்களிடம் காட்டவில்லை. அதனால்தான் வெளியே கதையாகவில்லை.

பாலஸ்டியர்_பெரியவர்:

அம்மா, உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நம்மவர்கள் பயந்த இடத்தில் கதை சொல்வதைவிடக் காவலுக்கு ஒரு சாமியை நிறுத்திவிடுவார்கள். காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயில் 1930-களில் ரயில்வே தொழிலாளர்கள் வழிபட்ட சிறு இடமாகத்தான் தொடங்கியது. இருட்டில் தண்டவாளத்தில் வேலை செய்பவனுக்குத் துணையாக முனி கூடவே நடக்கிறார் என்றால் அவன் எதற்குப் பேய்க்குப் பயப்படப் போகிறான்?

கிட்டங்கித்தெரு:

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனாலும் ஈசூன் தங்கை, இலை போட ஆள் இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். 1825-இல் வந்த கைதிக்கு யார் இலை போட்டார்கள்? அவனுடைய ஊரில் அவனைச் செத்தவனாகவே எண்ணித் தலைமுழுகியிருப்பார்கள். கடல் தாண்டியவன், விலங்கு பூண்டவன். இங்கே கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்கு இங்கும் ஆள் இல்லை. நம் நம்பிக்கைப்படி அலையவேண்டியவன் அவன்தான். அவனைப் பற்றி யாராவது வெளியில் பேசத்தான் வேண்டும்.

ரங்கூன்சாலை:

இதைப் படித்த பிறகு ஒன்று கேட்கிறேன். என் மகளையும் அனுப்ப நினைக்கிறேன், பதினாறு வயது. கைதிகளைப் பற்றிச் சொல்லும்போது நெற்றியில் பச்சை குத்தியதையும் சொல்லுங்கள், சுவரைத் தேய்த்ததையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லவேண்டாம். நாராயண பிள்ளைக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

சுண்ணாம்புக்கம்பம்:

கட்டாயம். எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்துக்கொள்கிறேன். தேவாலயத்து வளாகத்தில் இடி விழுந்த கதையும் தலை வெட்டு வதந்தியும், பிறகு சுண்ணாம்பும். மலையில் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. 1865 வரை கிறிஸ்தவர்களைப் புதைத்த இடம், பெயர் பொறித்த கற்களைச் செங்கல் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். கைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு மூன்று பெயர்களை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். மலாய்க்காரர்கள் மன்னர்களின் மலை என்று ஏறத் தயங்கிய இடம் என்பதால் கேரமாத் என்ற புனிதச் சமாதி அருகே சத்தம் போடக்கூடாது. மாரியம்மன் கோயில் வாசலில் நாராயண பிள்ளை, அங்கேயே சயாம். ஈசூன் தங்கை வர இசைந்தால் பாட்டியின் இலையைப் பற்றி அவரே சொல்லட்டும். ஊட்ரமில் 47 பேர்.

சிறையைச் சுட்டிக்காட்ட அங்கே ஒன்றும் இல்லாததால், பழைய வரைபடத்தின் நகல் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வருகிறேன். யாரிடமாவது சிறை நின்ற காலத்துப் புகைப்படம் இருந்தால் தனிமடலில் அனுப்புங்கள்.

ஈசூன்_பேத்தி:

வருகிறேன் அக்கா. அம்மாவும் வரவேண்டும் என்கிறார், பாட்டியின் அண்ணன் பெயர் அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அவருக்கு முழங்கால் வலி, மலை ஏறமுடியாது. நாங்கள் இருவரும் நேராக மாரியம்மன் கோயிலில் சேர்ந்துகொள்ளலாமா?

சுண்ணாம்புக்கம்பம்:

தாராளமாக. மலையிலிருந்து இறங்கியதும் அழைக்கிறேன். அர்த்தசாமப் பூசைக்குப் பிறகு கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன்பே வந்து அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிடுங்கள். தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள், அன்று வருபவர்கள் எல்லாரும் கேட்கும்படி வாசிக்கவேண்டும்.